கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ரோடு

2.2.2024

அன்புள்ள கொழுந்தனார் சின்னச்சாமிக்கு, மதினி முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே ஆடு, கோழி, உங்க அண்ணன் எல்லாரும் சுகம். திருப்பூரில் நீங்க சுகமா? போன் போட்டால் எடுப்பதில்லை. அஞ்சாங்கிளாசோடு நின்றவளைப் பேனா பிடிக்க வைத்துவிட்டீர்கள்.

மெயின் ரோட்டு விலக்கிலிருந்து ஊருக்கு வரும் பழைய ரோட்டைப் பழங்காலச் சின்னமாக்கலாமா என்று கிராமசபையில் கேட்டார்கள். ஆக்கினால் அகலப்படுத்த முடியாது. பாதி ஊர் வேணும், பாதி ஊர் வேணாம். உங்க அண்ணன் வேணும் கட்சி. அகலப்படுத்தினால் அத்தையின் சுமைதாங்கிக் கல்லைப் பிடுங்கிவிடுவார்களாம். ஆபீசர் பார்க்க வருகிறார் என்று முதல் நாளே உங்க அண்ணன் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து வைத்தார். வந்தவர், "இதெல்லாம் போன வாரம் நட்டதா?" என்றார். ஊரே சிரித்தது.

சின்னம் வேணாம் என்று நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பியதிலிருந்து உங்க பேரைச் சொன்னாலே அவுக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏன் போட்டீங்க? எனக்காவது சொல்லுங்க.

மதினி
முத்துப்பேச்சி

11.2.2024

மதினிக்கு,

வயிற்றுப் பிள்ளையோடு செத்த அம்மாவுக்காக அய்யா நட்ட கல் அது. அவள் இறக்காத சுமைக்குப் பதிலாக, வழியில் போகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. அன்றைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கார் இந்த ரோட்டில் நுழைய முடியாமல் விலக்கிலேயே நின்றது. மாட்டுவண்டியில் அம்மா தலை என் மடியில்தான் இருந்தது. கார் கண்ணுக்குத் தெரிந்தபோது மூச்சு இல்லை.

இப்போது உங்க மகள் யுவராணி மாசமாக இருக்கிறாள். கல்லைக் காப்பாற்றி என்ன செய்ய மதினி?

சின்னச்சாமி

20.2.2024

கொழுந்தனாருக்கு,

உங்க கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு உங்க அண்ணன் கல்லுக்குப் போனார். பின்னாலேயே போனேன். தேங்காய் நாரால் வெள்ளையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் தேய்த்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய், சோலையம்மாள் என்று அத்தை பேர் தெரிந்தது.

அப்போதுதான் சொன்னார்: "தம்பி மடியிலயா இருந்துச்சு தலை? எனக்குத் தெரியாது முத்து. நான் மாட்டப் பத்திக்கிட்டு முன்னால போனேன். திரும்பிப் பாக்கல."

ரோட்டை ஒட்டி, விலக்கிலிருந்து ஊர்வரைக்கும் கிடப்பது உங்க பங்குக்கு வந்த மானாவாரிக் காடு. கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

முத்துப்பேச்சி

3.9.2024

என் சாமி கொழுந்தனாருக்கு,

எனக்குப் பதிலே போடாமல், காட்டில் ஒரு கீற்றை ரோட்டுக்குக் கொடுக்கிறேன் என்று பஞ்சாயத்துக்கு எழுதிப் போட்டீர்களே, அழுத்தக்காரரே. அதை வாசித்த அன்றைக்குக் கிராமசபையில் இரண்டு கட்சியும் சேர்ந்து கை தூக்கின. புது ரோடு உங்க காட்டில். பழைய ரோட்டை இனி யாரும் தொடுவதில்லை.

புது ரோட்டில் சரளை போட்டு முடித்த வாரமே யுவராணிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. வாசலில் கொழுந்தனாரே! பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு மட்டும் உங்க மூக்கு, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கல்லுக்கு நேராக ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் உங்க அண்ணன். தோள்துண்டை மடித்துக் கல்மேல் விரித்தார். பிள்ளையைப் படுக்க வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அது பாட்டுக்குத் தூங்கியது. "இறக்கி வச்சாச்சும்மா" என்றார் அவுக.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு எழுத்துப் பத்தாது. ஞாயிற்றுக்கிழமை அவுக போன் போடுவார். என்ன பேசுவது என்று இப்போதே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கமும் பேச்சு வராது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, எடுங்க.

உங்க மதினி
முத்துப்பேச்சி