மீன்தொட்டியில் ஊற்றிய நல்ல தண்ணி

ஏலே, என் ராசா,

உன் மீன்களில் நாலு செத்துப்போச்சு. வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கொன்றது உன் அக்காதான்.

நீ போன பிறகு உன் அறையில் நான் எதையும் மாற்றவில்லை. சுவரோரம் உன் கண்ணாடித் தொட்டி, எட்டயபுரம் போகிற வழியில் ஓடையில் நீ பொறுக்கிவந்து அடுக்கிய சுக்கான்கல், எல்லாம் அப்படியே இருக்கிறது. மண்ணில் நட்டால் இந்த ஆப்பிரிக்கா மீன்கள் தோண்டிப் பிடுங்கிப் போட்டுவிடும் என்று தடித்த இலைச் செடியைக் கல்லோடு சேர்த்து நூலால் கட்டினாயே, அதில் புதுசாக ஒரு இலை விட்டிருக்கிறது. பைக் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ. சோறு ஆறிப்போய்க் கிடக்கும், நீ தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாய்.

நம் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டம் உனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருக்க குழாயில் வருகிற நல்ல தண்ணி குடிக்கவும் உலை வைக்கவும். பூமியைத் துளைத்துப் போட்ட போரில் வருகிற உப்புத் தண்ணி குளிக்கவும் துவைக்கவும். மீனுக்கு நீ எப்போதும் உப்புத் தண்ணியைத்தான் ஊற்றுவாய். அக்கா குடம் குடமாகப் பிடித்து வைப்பதை வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறான் பார் என்று நான் மனசுக்குள் பூரித்துப்போவேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தோம். வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு உன் அறைக்குள் போனேன். தொட்டியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. உனக்கு இத்தனை படைத்திருக்கிறேன், நீ பிள்ளை மாதிரி வளர்த்ததுகளுக்கு மட்டும் ஏன் உப்புத் தண்ணி என்று தோன்றியது. பாதித் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிவிட்டு, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணியைத் தூக்கி ஊற்றினேன். விருந்தாளி வந்தால் செம்பில் எதைக் கொடுப்போமோ அதைத்தான் கொடுத்தேன்.

“ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? குடிக்கத் தண்ணிக்கு எங்கன போறது?” என்று உன் அத்தான் சத்தம் போட்டார். அந்த மனுசன் பேச்சை அன்றைக்காவது கேட்டிருக்கலாம்.

விடிந்து பார்த்தால் நீல மீன் இரண்டு மேலே மிதக்கிறது. பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு. மிச்சமெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உன் போனை எடுத்து, நீ மீன் வாங்குகிற கடைக்கார அண்ணாச்சிக்குப் போட்டேன். போனில் உன் பெயரைப் பார்த்து அவர் பதறிப்போனார். பிறகு நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

“அக்கா, எந்தத் தண்ணிய ஊத்துனீய?”

“நல்ல தண்ணிதான் அண்ணாச்சி. நாங்க குடிக்க வச்சிருந்தது.”

“அதாங்க்கா ஆகாமப் போச்சு. இந்த மீனு ஆப்பிரிக்கா ஏரியில, சுண்ணாம்பு கலந்த கடுந்தண்ணியில கெடக்குத மீனு. நம்ம ஊரு போர் தண்ணிதான் அதுக்குத் தோது. குழாய்த் தண்ணியில மருந்து வேற கலந்திருக்கும். ஒரேயடியா மாத்தீராதீங்க, போர் தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. ஒங்களுக்கு ஏலலன்னா சொல்லுங்க, நான் வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருதேன்.”

எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தவன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரே திட்டுகிற தண்ணீரில் சந்தோசமாக இருக்கும் மீனாகப் பார்த்துத்தான் எடுத்தாயா? இல்லை, அழகாக இருக்கிறது என்று வாங்கிவந்தது தானாகப் பொருந்திவிட்டதா?

இப்போது உன் அத்தானே போர் தண்ணியை வாளியில் தூக்கிவந்து கொடுக்கிறார். மற்ற மீன்கள் தேறிவிட்டன. மஞ்சள் மீன் ஒன்றுதான் தீவனத்தைத் தொடாமல் கல்லிடுக்கில் ஒதுங்கிக் கிடக்கிறது. தீவனத்தைப் பொடித்து அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் போடுகிறேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே நகர்ந்துவிடுகிறது. வீட்டில் ஒரு உயிர் சாப்பிடாமல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியாதா? வீடியோ எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினேன்.

“வாயில முட்ட வச்சிருக்குக்கா, தாடை வீங்கியிருக்கு பாருங்க. குஞ்சாகி நீந்துத வரைக்கும் எதையும் திங்காது. அந்தத் தண்ணி பட்டதுல எத்தன பிழைக்கும்னு சொல்ல ஏலாது. பக்கத்துல போயி அதத் தொந்தரவு பண்ணாதீங்க. பயந்துச்சுன்னா முழுங்கிரும்.”

அதைக் கேட்டதிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நீயும் இப்படித்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். நான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று உன்னைப் படுத்தி எடுத்தேன். ஒரு தடவை என் கையைப் பிடித்து, “யக்கா...” என்று வாயைத் திறந்தாய். திறந்ததே போதும் என்று நான் கஞ்சியைப் புகட்டிவிட்டேன். நீ அதை விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

என்னலே சொல்ல வந்தே?

அண்ணாச்சியிடம் மீன்களைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மற்றதுகளுக்கு ஒரு ஓரமாகத் தீவனம் தூவிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். அந்த மஞ்சள் மீன் கிட்டே இனி எதையும் நீட்ட மாட்டேன். அது எப்போது வாயைத் திறந்தாலும் சரி, உள்ளே இருந்து என்ன வருகிறது என்று முதலில் பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்த
அக்கா