ஹெல்மெட் போட்ட மோனாலிசா

மாசி 12, ஞாயிறு
காலையிலேயே வெயில். இருந்தவர்கள்: நான், மருமகள் தேவகி, பேத்தி கலை, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் தூத்துக்குடிப் பெண் மாரி.

கலையின் கம்பெனியில் பாதுகாப்பு வாரம். பேர்போன படம் ஒன்றைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி மாற்றி வரைய வேண்டும். ஜெயித்த படம் கேன்டீன் வாசலில், கீழே வரைந்தவர் பெயரோடு. அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காண்ட்ராக்ட் பொண்ணு, அவ்வளவுதான்.

மோனாலிசாவாக உட்கார நான். மஞ்சள் ஹெல்மெட், நீலக் கோட்டு, கை மேல் கை.

"சிரிக்காத ஆயா. சிரிக்காமயும் இருக்காத."

"இன்னாடி இது? எதுனா ஒண்ணு சொல்லு."

மாரி சொன்னாள்: "ஆகாதவுக வீட்டு விசேஷத்துல சாம்பார் தீஞ்சுட்டா எப்படி இருப்பீக பாட்டி? அப்படி இருங்க."

அந்தச் சிரிப்பு தானாக வந்தது.

மாசி 13, திங்கள்
முதுகுவலி. போனில் அந்த மோனாலிசா அம்மாளின் வேஷங்களைக் கலை காட்டினாள். கூலிங் கிளாஸ். கொரோனா மாஸ்க். ஸ்ரீபெரும்புதூர் பியூட்டி பார்லர் போர்டில் நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி. யார் என்ன மாட்டிவிட்டாலும் அசரவில்லை. கெட்டிக்காரி.

அவள் முதுகுக்குப் பின்னால் வளைந்து போகும் பாதை. என் பின்னால் ஒரகடம் ரோடு, கன்டெய்னர் லாரி. என் பேத்தி கை பொன்.

மாசி 14, செவ்வாய்
படம் காயவில்லை. சாமி அலமாரி பக்கத்தில் சாய்த்திருந்தோம். சாயங்காலம் தேவகி விளக்கேற்றினாள். நான் கொல்லையில்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நாத்தனார் ராஜாத்தி வந்தாள். பேச்சுவார்த்தை இல்லாதவள். படம், எதிரே விளக்கு. நான் போய்ச் சேர்ந்தேன் என்று முடிவு கட்டிவிட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்து, கொண்டுவந்த பூவைச் சாத்தி, "சொல்லி அனுப்பலியே பாவிங்களா" என்று ஒப்பாரி. நான் ஓடி வந்தேன்.

"அண்ணி, உசுரோடவா கீற?"

பூச்சரம் பட்டு வரைந்த கைகள் இரண்டும் குழம்பிப் போயின. கலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாளைதான் கடைசி நாள்.

ராஜாத்தி முந்தானையைத் தூக்கினாள். "உசுரோட கீறன்னா இந்தப் பொட்டு ஆவாது அண்ணி. தொடைச்சிடறேன்."

"செத்தா ஆவும், இருந்தா ஆவாதா?" மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

மாசி 15, புதன்
கலை தூங்கவில்லை. குழம்பிய கைகள் மேல் அவள் கம்பெனியில் வேலை செய்யும்போது போடும் கையுறையை வரைந்துவிட்டாள். சாம்பல் நிறம், உள்ளங்கையில் ரப்பர்.

"பொட்டு இன்னா பண்றது ஆயா?"

"இருக்கட்டும்."

மாசி 19, ஞாயிறு
குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். கேன்டீன் வாசலில் நான், இவ்வளவு உயரம். கீழே கலைச்செல்வி என்று முழுப்பெயர். பெண்கள் என்னைப் போலவே கை மடக்கி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆபீசர்: "கிளவுஸ்தான் சூப்பர் ஐடியா." தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போன பத்தாம் நாள், ஊர்ப் பெண்களை முந்திக்கொண்டு வந்து என் பொட்டைத் துடைத்ததும் அதே முந்தானைதான். படத்துக் கை கெட்டதைப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒப்பாரிக்கும் கோபமில்லை, நன்றாகவே பாடினாள். மறுபடியும் துடைக்க வந்தாளே, அதற்கு இந்த ஜென்மத்தில் மன்னிப்பு கிடையாது.

ஆனாலும் அந்தப் பொட்டை வைத்தவள் பெயரும் கீழே இருக்கட்டும்: ராஜாத்தி.