கை தவறிய கோப்பை

மார்ச் 3
வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. நேற்று என் வீட்டுக்காரருக்குப் போட்ட காப்பியில் சர்க்கரை தூக்கல். கோப்பை என் தலைக்கு வந்தது, கையால் தடுத்தேன். குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வக்கீலம்மா கேட்டார், "கைக்கு என்னாச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சு மேடம்."

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இங்க வர்ற எல்லாக் கையும் கதவுலதான் நசுங்குது."

பதினோரு வருஷமாக அவர் அலுவலகத்தில் பெண்களின் வாக்குமூலங்களை டைப் செய்கிறேன்.

மார்ச் 9
வீட்டுக்காரர் தன் கவிதைத் தொகுப்பின் கடைசிக் கவிதையைக் கொடுத்தார். இவர் எழுதுவதையெல்லாம் டைப் செய்வது நான்தான். கவிதையில் ஜன்னலோரம் தனியாக ஒருவன்.

"கோப்பை கை தவறி விழுந்தது.
சத்தம் கேட்க வீட்டில் எவருமில்லை."

படித்ததும் நானே இன்னொரு தடவை படித்தேன். அவ்வளவு நல்லா எழுதுறார், பாவி. அப்புறம்தான் உறைத்தது. எவருமில்லையா? தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேனே, நான் யாரு?

மார்ச் 10
கேட்டுவிட்டேன். "கோப்பை விழல. நீங்க எறிஞ்சீங்க."

பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "நடந்ததை நடந்தபடி எழுதினா அது போலீஸ் ரிப்போர்ட். கவிதைல மனுஷன் கொஞ்சம் உயர்ந்து நிக்கணும்."

"யார் மேல ஏறி?"

முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். இரண்டு முறை. அதற்கு மேல் எண்ணவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார்.

மார்ச் 12
கவிதையை ஒற்றை விரலால் டைப் செய்து முடித்தேன், அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றி.

"கோப்பையை அவள் தலைக்கு எறிந்தான்.
தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள்."

கவிதையின் கடைசியில் அவன் அழுகிற வரியைத் தொடவில்லை. அடித்த பிறகு அழுவது நிஜம்.

அச்சகத்துக்குக் கொண்டுபோவதும் பிழை பார்ப்பதும் நான்தான். அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். தன் வரி தனக்கு மனப்பாடம் என்கிற திமிர்.

மார்ச் 20
பயமா இருக்கு. கொன்னுடுவார்.

நிறுத்தச் சொல்லலாம் என்று அச்சகத்துக்குப் போன் செய்தேன். அச்சகக்காரர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கடைசிக் கவிதை... அப்படியேதானம்மா போகணும்?"

அப்படியே போகட்டும் என்றேன்.

ஏப்ரல் 5
நூலக அரங்கில் வெளியீடு. நாற்பது பேர். வக்கீலம்மாவையும் அழைத்திருந்தேன்.

வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கவிதையைச் சொன்னான். கேட்டவர்கள் புத்தகத்தைத் திறந்து வரி வரியாகக் கூடவே வந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியம்மா வரியில் விரலை வைத்தபடி, "தம்பி, இங்க எறிந்தான்னு போட்டிருக்கே" என்றார்.

கண்ணைத் திறந்தான். புத்தகத்தைப் பிரித்துப் படித்தான். மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தான். முதலில் புத்தகத்தின் கெட்டி அட்டை, புருவத்தில். பிறகு முஷ்டி. கீழே விழுந்ததும் விலாவில் உதை. ஒருத்தருக்கும் அசையத் தோன்றவில்லை. எல்லார் மடியிலும் அந்தப் பக்கம் திறந்திருந்தது. வக்கீலம்மாதான் முதலில் எழுந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

புருவத்தில் ஆறு தையல்.

ஏப்ரல் 7
இன்று நான் சொல்லச் சொல்ல வக்கீலம்மா டைப் செய்தார்.

ஜூன் 18
அக்கா வீடு. பாத்திரம் கழுவும்போது கோப்பை விழுந்து உடைந்தது. நிஜமாகவே கை தவறித்தான். நான் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டேன்.

அக்கா விளக்குமாற்றோடு வந்தாள். "காலை எடுடி, குத்திடப் போகுது" என்றாள்.