வயிற்றில் வைத்த மண்டையெலும்பு

4ஆம் திகதி, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர் லயத்து வீடுகளின் தகரக் கூரைகூடக் கண்ணில் படவில்லை. வாசலில் ஈஸ்வரி, வெயில் வருமென்று காத்து. என் மகள், பதினாறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஈரப் படியில் விழுந்து எட்டு மாதம். மூளை வீங்கியதால் மண்டையெலும்பில் உள்ளங்கையளவு எடுத்து, கெடாமலிருக்க அவள் வயிற்றுத் தோலுக்கடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். எலும்பில்லாத இடம் மெல்லத் துடிக்கிறது. கைக்குழந்தையில் உச்சிக்குழி இப்படித்தான். மடியில் போட்டு ஆட்டலாம் போலிருந்தது. கால்தான் தரையில் இழுபடும்.

6, வியாழன்
உடப்புசல்லாவையிலிருந்து முதல் பஸ். கிளினிக். டாக்டர் சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் தமிழில். "வயித்துல இருக்க எலும்பு கரைஞ்சிருக்கலாம். தொறந்து பாத்தாத்தான் தெரியும். பொருந்தலன்னா டைட்டேனியம் தகடு. ரெண்டுக்கும் அப்பா கையெழுத்துப் போடணும்."
பஸ்ஸில் ஈஸ்வரி: "லயத்துக் கூரை போதும்ப்பா. தலைக்குள்ளயும் தகரமா?"

7, வெள்ளி
தகடு வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமாம். காட்டினால் பயம் போகும் என்ற மேதாவித்தனத்தில், பேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற பழைய கம்பிவலையில் ஒரு துண்டு கொண்டுவந்தேன். என் வழுக்கையில் வைத்து அமுக்கி வளைத்தேன். தலையெல்லாம் கட்டம்.
மனைவி: "புள்ளைக்குத் தைரியம் சொல்லச் சொன்னா, அரிதட்டக் கவுத்துக்கிட்டு நிக்கிறீங்களே!"
ஈஸ்வரி சிரித்தாள். சிரித்து முடித்து, "தகட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீங்கப்பா. என்னோட எலும்புதான் இருக்குல்ல. சத்தியம் பண்ணுங்க."
பண்ணிவிட்டேன். மடையன்.

10, திங்கள்
வார்டு. இரண்டு படிவம், எலும்புக்கு ஒன்று, தகட்டுக்கு ஒன்று. முதலாவதில் சரசரவென்று. இரண்டாவதில் பேனை நின்றுவிட்டது.
"போடலன்னா?"
"எலும்பு சரியில்லன்னா ஓட்டையோடதான் திரும்ப மூடணும்" என்றார் நர்ஸ்.
ஜன்னலில் மேகம் நகர்ந்தது. கட்டடமே நகர்வது போல். போட்டேன். யாரோ என் கையைப் பிடித்து எழுதிய மாதிரி, கோணல் மாணலாக.

11, செவ்வாய்
நான்கு மணிநேரம். தகடுதான். எலும்பு, தேத்தண்ணியில் முக்கிய பிஸ்கட் போல ஓரமெல்லாம் கரைந்திருந்ததாம். பிள்ளை நலம். மனைவி அழுதாள். நானும், கக்கூஸில்.

12, புதன்
கண் திறந்தாள்.
"எதப்பா வச்சாங்க?"
பொய் நாக்கு நுனிவரை வந்தது. "தகடு."
"சத்தியம் பண்ணீங்க."
"பண்ணுனேன்."
முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகலில் கஞ்சி வந்தது. கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது கரண்டிக்கு, "சூடு" என்றாள்.
ஊதினேன்.