அங்கே தசரதன், இங்கேயும் தசரதன்

பம்பாய்,
12.8.1986

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, பாண்டுரங்கன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் கம்பெனிக் கிளைகளில் சம்பளச் சீட்டு அச்சடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு தப்பு. நம்மவர்கள் முழுப்பெயர் எழுதினால் அப்பா பெயர் முன்னால் வருமில்லையா? அதையே ஆளின் பெயர் என்று அச்சடித்துவிடுகிறது. நான் எப்போதோ திருத்திவிட்டேன். ஆனால் புகார் செய்த கிளைக்கு மட்டும்தான் திருத்தியதை அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு கிளையிலிருந்து அதே புகார், புது நம்பரோடு, என் மேஜைக்கு வருகிறது. "இது பழைய தப்புதான் சார், எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பிவிடலாம்" என்றால், "முடிந்த புகாரைக் கிளறாதே" என்று மேனேஜர் எரிந்து விழுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் புதுப் புகார்போல முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஆபீசிலேயே ஓடுவது திருத்தாத பழைய புரோகிராம்தான். என் சம்பளச் சீட்டிலும் உங்கள் பெயர். அதைப் பார்த்து எல்லோருக்கும் நான் தசரதன் ஆகிவிட்டேன். நேற்றுத் திட்டு வாங்கியதும் அந்தப் பெயரில்தான். பக்கத்து நாற்காலி படப்பை யாக்கோபு, "இன்னா தசரதா, ஊர்ல கீற பெரியவருக்கு இங்க திட்டு வாங்கிக் குடுத்துகினு கீறியே!" என்று சிரிக்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள். பதில் எழுதும்போது வெறுமனே 'சிரஞ்சீவி' என்று ஆரம்பிக்காமல் என் பெயரையும் எழுதுங்கள். இங்கே அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகன்,
பாண்டுரங்கன்