பொன்னாடை பட்ட மருந்து

நாள் 83, 06:10
சுற்றுப்பாதை மருந்துக்கூடம். எழுதுவது வேதியியலர் தமயந்தி. வெப்பநிலை சரி, காற்று சரி. நேற்றைய தொகுதியில் படிகங்கள் ஊசி ஊசியாக வளர்ந்திருக்கின்றன. ஊசிதான் வேண்டும். அது வயிற்றில் கரைந்து, நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் போய்ப் பிடிக்கும். அதே மருந்து தட்டைச் சில்லாக உறைந்தால் கரையாது. விழுங்கியபடியே வெளியேறிவிடும்.

சில்லின் ஒரு தூசி போதும். மோர் பட்ட பால் மாதிரி, ஊசி முழுவதும் ஓரிரவில் சில்லாகிவிடும். கீழே பூமியில் எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடம் முழுக்க அந்தத் தூசிதான். அதனால்தான் இருபது வருட உழைப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 85, 09:40
பூங்கோதையின் குரல்செய்தி. அருப்புக்கோட்டையில் தையல்கடை வைத்திருக்கிறாள். முதல் சுற்று மருந்திலேயே அவள் நுரையீரல் கட்டி பாதியாகச் சுருங்கியது. அதன்பின் கையிருப்பு தீர்ந்துபோனது.

"அக்கா, இருமுனா மறுபடி ரத்தம் வருது. மருந்து எப்பக்கா வரும்?"

ஒரு குப்பி நிரப்பி, கண்ணாடி வாயை உருக்கி மூடிவிட்டேன். அவளுக்குத்தான்.

நாள் 88, 15:20
சரக்குக்கலம் வந்தது. திறந்தேன். உணவுப் பொட்டலங்களுக்கு மேலே ஒரு பொன்னாடை. அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு நூல்கூட வரக்கூடாது என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

இயக்குநர் திருவேங்கடத்தின் செய்தி: "நம்ம லேப்லயே உங்களுக்குப் பாராட்டு விழா வெச்சோம் மேடம். நீங்க இல்லாததால நாற்காலிக்குப் போத்திட்டோம். அதைப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க."

நாற்காலிக்குப் பொன்னாடை. சீ! ஜரிகையிலிருந்து தூசி கிளம்பி மிதக்கிறது. எடையில்லாத இடத்தில் அது எங்கேயும் படியாது.

நாள் 90, 05:05
எல்லாம் சில்லு. கழுவினேன், கொதிக்கவைத்தேன், புதிதாக வளர்த்தேன். சில்லு. இனி இங்கேயும் ஊசி பிறக்காது. புற்றாவது போட்டோ கேட்பதில்லை. இந்த ஜென்மங்களை நினைத்தாலே குமட்டுகிறது.

மூடிய குப்பி மட்டும் தப்பித்தது. திரும்பும் கலத்தில் வைத்தேன். சிவப்பில் எழுதினேன்: நேராக மருத்துவமனைக்கு. பூங்கோதையின் கட்டிலருகில்தான் உடைக்க வேண்டும். வேறெங்கும் கூடாது.

நாள் 94, 18:30
திருவேங்கடம்: "குப்பி பத்திரமா வந்துச்சு மேடம். மேடையில வெச்சு நம்ம சேர்மன் கையாலயே உடைச்சோம். என்னா கைதட்டல்ங்கறீங்க! மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாச்சு. அடுத்தது எப்ப வரும்?"

எந்த மேடை என்று கேட்டனுப்பினேன்.

"நம்ம லேப்லதான் மேடம். வேற எங்க?"

வாந்தி எடுத்தேன். பையை எடுக்கக்கூட அவகாசமில்லை. அதுவும் என்னைச் சுற்றி மிதக்கிறது, மிதக்கட்டும். ஆஸ்பத்திரியை அழைத்தேன். கொடுத்துவிட்டார்களாம்.

நாள் 95, 07:15
பூங்கோதை: "அக்கா, மருந்து உள்ள போயிடுச்சு. வாயில மணலு மாதிரி நறநறன்னுச்சு, முழுங்கிட்டேன். இனிமே பயமில்லல்ல? தீபாவளித் துணி தைக்க ஆர்டர் கேட்டு வர்றாங்க. வாங்கட்டுமாக்கா?"

இதைக் கண்டெடுப்பவரே, உண்மையைப் பேசிப் பதிவுசெய்தேன். அழித்தேன். மறுபடி பேசினேன். பாதியில் நிறுத்தினேன். அழித்தேன்.

07:52
அனுப்பிவிட்டேன்.

"வாங்கிக்கோம்மா."