இருட்டுக் கப்புக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று ஆய்வக அலமாரியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஈரப் பஞ்சும் முளைவிட்ட பச்சைப்பயறும் கலந்த வாசனை. நீ போன பிறகு உன் ஏழாம் வகுப்பு அறிவியலும் என்னிடம் வந்துவிட்டது. கப்புகளை வைத்தவள் நான்தான். ஆனாலும் ஒரு கணம், நீ வைத்துவிட்டுப் போனதாகவே தோன்றியது.

ஒரு சோதனையில் மாறி என்றால் என்ன என்று புத்தகம் சுற்றி வளைத்துச் சொல்வதை நீ இரண்டு காகிதக் கப்பில் முடித்துவிடுவாய். ஒன்று ஜன்னலோரம், மற்றது அலமாரிக்குள். "நாம மாத்துறது வெளிச்சம் மட்டும்தான். அதனால செடியில என்ன மாறுதுன்னு பாக்கப் போறோம். தண்ணி, பஞ்சு, பயறு எல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும்." நான் பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்பேன். இயற்பியல் படித்தவளுக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது.

ஒரு வருடம் அலமாரிச் செடி வெளிறிப்போய், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. பஞ்சு சொதசொதவென்று இருந்தது. விசாரித்தாய். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "இருட்டுல தனியா கீது மிஸ், பாவம். அதான் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்துனேன்."

வகுப்பே சிரித்தது. நீ திட்டவில்லை. உயரமாக வளர்ந்தது இருட்டாலா, தண்ணீராலா என்று கேட்டாய். பாதிப் பேர் இருட்டு என்றார்கள், மீதிப் பேர் தண்ணீர் என்றார்கள். இதை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது என்று சொல்லி, இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்கச் சொன்னாய்.

உனக்கு நோய் என்று தெரிந்ததும் நூம்பலில் உன் வீட்டில் எல்லாம் ஒன்றாகவே ஆரம்பித்தன. மருத்துவமனை மாத்திரை, உன் கணவர் திருமழிசையிலிருந்து வாங்கி வந்த கஷாயம், உன் அக்கா ஜெபித்துக் கொண்டுவந்த எண்ணெய். நடுவில் கொஞ்ச காலம் தேறினாய். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த சாலையைத் தாண்டி, பூந்தமல்லி வரை பஸ்ஸில் வந்தாய். எண்ணெய்தான் காரணம் என்றார் அக்கா. கஷாயம் என்றார் உன் கணவர். மாத்திரை என்றேன் நான், சற்றுச் சத்தமாகவே. நீ சிரித்தாய். "பாவம், இருட்டுல கீதுன்னு ஆளாளுக்கு ஊத்துறீங்க."

அந்தக் கஷாயம் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் சோறு இறங்காது. ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டாய்: "இத நிறுத்திப் பாக்கலாமாடி?"

உன்னைத் தேற்றியது அதுவாகவே இருந்துவிட்டால்? எதையும் எளிதில் நம்பாத எனக்கும் அந்தப் பயம் வந்தது. எதனால் தேறினாய் என்று தெரியாததால் எதையும் நிறுத்த முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீயே தம்ளரை எடுத்தாய். கடைசி நாள்வரை குடித்தாய். கொட்டிவிட்டு மறுபடி வைக்க, நீ செடி இல்லை.

இன்றும் அலமாரிக் கப்பில் பஞ்சு சொதசொதவென்றுதான் இருந்தது. முன்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்கச் சொன்னேன், தண்ணீர் ஒரே அளவு என்றேன்.

பிள்ளைகள் போன பிறகு அலமாரிக் கதவைச் சாத்தப் போனேன். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திறக்காமல் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று உன் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியாது.